புயலுக்குச் சத்தப் பயிற்சி

அந்த இளங்குதிரையின் பெயர் புயல். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், புயல் வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

அதனால் லாயத்தில் ஒரே ஒரு சட்டம்: யாரும் சத்தம் போடக் கூடாது! சட்டம் போட்டவர் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அப்பா. லாயத்தை ஒட்டித்தான் வீடு. அம்மா பாத்திரங்களைத் துணியில் சுற்றி அடுக்குவாள். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். சின்னவளுக்கு வீட்டில் ‘வாலு’ என்று பெயர். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பாவின் விரல் உதட்டுக்குப் போய்விடும்.

“உஷ்!”

அந்த அமைதியில் புயல் அருமையாகத் தாவும். அக்கா ஏறி உட்கார்ந்தால் போதும், தடைக்கம்புகளை எல்லாம் அலட்சியமாகத் தாண்டிவிடும்.

முதல் போட்டி நாள் வந்தது. மைக்கில் ஒருவர், “அடுத்து வருவது புயல்!” என்றார். கூட்டம் கைதட்டியது.

அவ்வளவுதான். புயல் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. அக்கா கொஞ்சினாள், கெஞ்சினாள். ஊஹூம்! கடைசியில் திரும்பி, வந்த வழியே ஓட்டம் பிடித்தது.

குதிரையின் முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அடுத்த போட்டியிலயும் இப்படி மானத்தை வாங்கினா வித்துடுவேன். வண்டி இழுக்கவாவது ஆகட்டும்!”

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புயல் வண்டி இழுப்பதா? ஹாரன் அலறுகிற சாலையில் அது நடுங்கியே செத்துப்போகுமே!

மறுநாள் தீவனம் வைக்கும்போது வாளியின் மூடி அவள் கையிலிருந்து நழுவியது. டமார்! புயல் மூலையில் ஒண்டிக்கொண்டது. “ஒண்ணுமில்லடா, மூடிதான்” என்று கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி தின்ன வந்தது. மூடியை எடுக்கப் போனவள் திரும்பவும் தவறவிட்டாள். இந்தத் தடவை புயல் காதை மட்டும் ஆட்டியது. தின்பதை நிறுத்தவில்லை.

வாலு அப்பாவிடம் ஓடினாள்.

“அப்பா, புயலுக்குச் சத்தம்னா என்னன்னே தெரியாதுப்பா. நாமதான் கேட்கவே விடலையே!”

“உஷ்! மெதுவா பேசு.”

“பாத்தீங்களா? இதுதான் பிரச்சினையே!”

அப்பா உதட்டில் வைத்த விரலைக் கீழே இறக்கினார்.

“சரி, சத்தத்தைப் பழக்கிப் பார்ப்போம். ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான். பயமுறுத்தக் கூடாது” என்றார்.

வாலு தினமும் புயல் தின்னும் நேரத்தில், தூரமாக நின்று கரண்டியால் தட்டைத் தட்டினாள். அது மிரண்டால் நிறுத்தினாள். தின்னத் தொடங்கினால் தட்டினாள். நாளாக நாளாகக் கிட்டே வந்தாள்.

அம்மாவுக்கு ஒரே குஷி. “அப்பாடா! இத்தனை மாசமா பயந்து பயந்து பாத்திரம் தேய்ச்சேன். இனிமே பாரு!” என்று அண்டாவை உருட்டினாள். அக்கா பாட்டுப் பாடினாள். அதைப் பாட்டு என்று அவள் மட்டும்தான் சொன்னாள்.

“குதிரை தாங்கிடுச்சு, என்னாலதான் தாங்க முடியல” என்று அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த போட்டியில் மைக் அலறியது. புயல் அசரவில்லை. ஒவ்வொரு தடையாகத் தாண்ட, கைதட்டல் காதைப் பிளந்தது. கடைசித் தடை மட்டும்தான் பாக்கி. தாண்டிவிடுமா? பதற்றத்தில் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டது.

புயலின் வேகம் குறைந்தது. காதுகளை இப்படியும் அப்படியும் திருப்பியது.

“ஐயையோ! அது சத்தத்தைத் தேடுதுப்பா!” வாலு பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினாள். “ஓடுடா புயல்! தாவுடா!”

அப்பா ஒரு நொடி திகைத்தார். பிறகு அவரும் பெஞ்சின் மேல் ஏறினார். “தாவுடா ராஜா! தாவு!” என்று அடிவயிற்றிலிருந்து அலறினார். முன்னால் உட்கார்ந்திருந்த முதலாளியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புயல் எம்பித் தாவியது. கம்பில் குளம்பு படவே இல்லை!

முதலாளியம்மா காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “இதை யாரு விப்பாங்க? நம்ம குதிரை இது!”

வாலு புயலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது. அந்த வாரம் முழுக்க லாயத்தில் சத்தம் போடாமல் இருந்தது அவர் ஒருவர்தான்.