பெட்டிமேல் எழுதிய ‘ச’

பொறிவண்டு வளர்த்து விற்கும் வண்டுக்காரர் காலையில் முதல் பெட்டியைத் திறந்தபோது, நேற்று அவரே வைத்துப் பார்த்த அசுவினிக் கொத்து வைத்தபடியே கிடந்தது. பொறிவண்டு அசுவினியைத் தொடாமல் விடுவது, பூனை பாலைப் பார்த்து முகம் சுளிப்பது மாதிரி. பயிரின் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னத்தான் தோட்டக்காரர்கள் வண்டு வாங்குகிறார்கள். தின்னாத வண்டை எவன் வாங்குவான்?

சந்தேகம் அதுவல்ல. பட்டினி கிடக்கிற வண்டு முட்டை வைக்காது. வைத்தாலும் தானே தின்றுவிடும். இவையோ மூடியின் உட்புறம் முழுக்க அடுக்கித் தள்ளியிருந்தன. எதையோ வயிறாரத் தின்கின்றன.

தீனி போடுவது அவருடைய மனைவியின் தங்கை புருஷன். வேளாவேளைக்குப் போட்டு, போட்டதன் முதலெழுத்தைப் பெட்டிமேல் சாக்பீஸால் எழுதிவைப்பார். அசுவினிக்கு ‘அ’, அந்துப்பூச்சி முட்டைக்கு ‘மு’. மூன்று வாரமாக எல்லாப் பெட்டியிலும் ‘ச’. சர்க்கரைத் தண்ணீர் என்று வண்டுக்காரர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்.

ஈரப் பஞ்சின் நெடியும் நசுங்கிய இலையின் கசப்பும் அவற்றுக்கு அடியில் வியர்த்த தலையணை வாடை ஒன்றும் கலந்து கிடந்த அந்த அறையில், ஆயிரம் கால்கள் பிளாஸ்டிக்கைச் சுரண்டும் சத்தம், அவர் இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கமும் வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கமும் கூடவே வந்தது.

“சகலை, சக்கரையா போடுறீங்க?”

“என் டீக்கே சக்கரை இல்ல. இதுகளுக்கு வேறயா?”

“அப்ப ‘ச’-ன்னா?”

“சகலைதான்.”

வண்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையில்லா பனியன். வழவழவென்ற தோள். எங்கும் ஒரு கீறல் இல்லை.

“உங்க உடம்புல ஒண்ணையும் காணோமே.”

“என் உடம்புல ஏன் இருக்கணும்? நான் உங்களுக்குச் சகலை. எனக்கு நீங்கதானே சகலை?” பஞ்சை நிதானமாகப் பிழிந்தார். “சாப்பிட்டதும் இங்கேயே பாயைப் போட்டு அசந்துடுறீங்க. எழுப்ப மனசு வரல. முதல்ல எதைத் தின்னு பழகுதோ அதைத்தான் கேக்குதுங்க, பாவம்.”

வண்டுக்காரர் சிரித்தார்.

சகலை சிரிக்கவில்லை.

சுரண்டல் நின்றது. எல்லாப் பெட்டியிலும் வண்டுகள் இந்தப் பக்கச் சுவரில். வண்டுக்காரரைப் பார்த்து.

காதுக்குப் பின்னால் அரித்தது. கை போனது.

சொரசொரப்பு. மயிருக்குள். வரிசை வரிசையாக. மூடியில் அடுக்கியிருந்த முட்டைகள் மாதிரியே ஒவ்வொன்றும் நட்டு நின்றது.

நகம் பட்டு ஒன்று உடைந்தது.

ஈரமாக ஏதோ வெளியே வந்தது. விரல் நுனியில் ஏறி ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி, காதுக்குப் பின்னால் தோலுக்கு உள்ளே போனது.