வலது முழங்கால்

கேமராவுக்கு முன்னால் சூர்யநாராயணன் ஒரே ஒரு தடவைதான் தவழ்ந்தார். படத்திலோ இரண்டு தடவை தவழ்ந்திருந்தார்.

"அங்கிள், மறுபடி டெஸ்ட் பண்ணீங்களா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

மகர்பட்டாவில் அவள் ஆபீஸ், பதினோராவது மாடி, பட்டப்பகல், ஏசி குளிரோடு கலந்து வந்த செயற்கை மல்லிகை வாடை அவருக்குப் பிடிக்கவே இல்லை. நரி, மரநாய்க் கணக்கெடுப்புக்கு ஆள் சேர்ப்பவள் அவள்தான். அசைவு தெரிந்தால் தானே படமெடுக்கும் கேமராவை மரத்தில் கட்டியதும் அதன் முன்னால் மிருகத்தின் உயரத்துக்குத் தவழ வேண்டும்; சிவப்பு விளக்கு மினுங்கினால் சரி. கட்கி தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் உழைத்தவன் கிழவயசில் தவழ்வதா என்று திட்டிக்கொண்டேதான் செய்தார்.

"ஒரு தடவைக்கே முட்டி போயிடுச்சு. எவனோ என்னை நக்கல் பண்றான்."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ரயில் பாதையோரப் புதர். மண் நிற முதுகு. முழங்கைக்குக் கீழே அளவுக்கு மீறி நீண்ட கைகள். புழுதியில் அவருடையதைப் போலவே ஒரு தடம்: இடது முழங்கால் ஊன்றிய குழி, வலது இழுபட்ட கோடு.

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

இரண்டாவது கேமரா அவர் தெருக்கோடியில், மதிலோரம். திங்களன்று தடுமாறிய அந்த உருவம் வியாழனன்று அவரைப் போலவே கூன் போட்டு, அவரைப் போலவே தலையைச் சாய்த்து, சிரமமில்லாமல் போனது.

மூன்றாவது, அவர் வீட்டுக் கொல்லைக் கொய்யாமரத்தில்.

வீட்டில் மனைவி ருக்மிணி இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாசமாகப் படுக்கையில் கிடந்தாள். காலையில் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, "அண்ணா, ஒரு சாவி குடுத்துட்டுப் போங்க, அக்காவை நான் பாத்துக்கறேன்" என்றாள். "உன் வேலையப் பாரும்மா" என்றுவிட்டு இரண்டு கதவையும் வெளியே பூட்டி, சாவிக்கொத்தை ஜேபியில் போட்டு வந்தார். ஊரில் எவரையும் நம்பாத மனுஷன்.

கடைசிப் படம். இன்று காலை ஆறு மணி இரண்டு நிமிஷம். கேமராவைக் கழற்ற நீண்ட அவர் உள்ளங்கை பாதியை மறைத்தது. அவர் அக்குளுக்குக் கீழே, பின்னால், அவர் திறந்து போட்ட சமையலறைக் கதவு.

வாசற்படியில் இரண்டு உள்ளங்கால்கள். உள்ளே போய்க்கொண்டிருந்தன.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"யாரு?" என்றாள் ருக்மிணி, தூக்கக் குரலில்.

"நான்தாண்டி."

"விளையாடாதீங்க. இங்கதான கட்டிலுக்கு அடியில துழாவிட்டிருக்கீங்க. கூப்பிட்டா பதில் இல்ல, போன்ல என்ன பேச்சு?"

"ருக்கு. அது நான் இல்ல."

"கால் தெரியுதே. முட்டி வலிக்கப் போவுது, எழுந்திரிங்க."

கத்தத்தான் நினைத்தார். ஸ்டெல்லாவைக் கூப்பிடு என்று. ஜேபிக்குள் இறுக்கிப் பிடித்த சாவி உள்ளங்கையில் குத்தியது. கட்கியில் வீடு, ஒரு மணி நேரத் தொலைவு.

போனுக்குள் ஒரு சத்தம்.

தொம். சர்ர்ர்.

தொம். சர்ர்ர்.

நின்றது. கட்டில் கிறீச்சிட்டது.

"அப்பாடா, எழுந்துட்டீங்களா" என்றாள் ருக்மிணி. அவரிடம் அல்ல.