ஆயுத பூஜைப் படத்தில் ஒரு கார்புரேட்டர்

ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று துரைராஜ் செசிலியா வீட்டு வாசலில் இறங்கிய நேரத்தில்தான் டெய்சி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். 2004-இல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், முதல் ஷிப்ட் முடிந்த பேருந்துகள் எல்லாம் போய் ஓய்ந்திருந்தன. அழுது முடித்துவிட்டு வந்த முகம் அது. அழுகை தீர்ந்த பிறகு மிஞ்சுவது ஆத்திரம்தானே, அது அவள் குரலில் இருந்தது.

"அக்கா, எங்க வூட்டுக்காரர திருடன்னு சொல்லிட்டாங்க," என்றாள்.

செசிலியா அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்து, முதலில் தண்ணீர் கொடுத்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் செசிலியாவைத் தெரியாதவர்கள் குறைவு. சுரங்கக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் சரிபார்ப்பு அதிகாரி. ஏட்டில் இருக்கும் சாமான் அலமாரியில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் வேலை. பதினெட்டு வருஷமாக எண்ணி எண்ணி, இல்லாத பொருள் எந்த வழியாகப் போயிருக்கும் என்று மோப்பம் பிடிக்கிற பழக்கம் வந்துவிட்டது. ஊரில் ஏதாவது காணாமல் போனால் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். துரைராஜ் அவருடைய ஜீப் டிரைவர். சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள். கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். போகக் கிளம்பியவர் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டெய்சி சொன்னது இது. அவள் கணவன் ஜெப்ரின் சுரங்கப் பணிமனையில் காண்ட்ராக்ட் மெக்கானிக். வடலூர் ரோட்டில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், 1984-இல் வந்த முதல் மாடல் மாருதி 800 ஒன்றை மூன்று வருஷமாக ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பூட்டி உயிர்ப்பித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பந்தயத் தளத்தில் பழைய வண்டிக்காரர்கள் ஓட்டும் நாள். 1986-க்கு முந்தைய பாகங்கள் மட்டுமே பூட்டிய வண்டிக்குத்தான் உள்ளே அனுமதி. அவன் வண்டி தயார். அப்படியிருக்க, நேற்று கம்பெனி செக்யூரிட்டிக்காரர்கள் வந்து கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு, அவன் கேட் பாஸையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற, கையடக்கமான பாகம் அது. ஜப்பானிலிருந்தே வந்த ஆரம்ப கால உருப்படி, லேசில் கிடைக்காது. அது தன் வீட்டிலிருந்து திருடு போனது என்று எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயர் கருணாகரன் புகார் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி விசாரணை வைத்திருக்கிறார். அதில் தேறாவிட்டால் போலீஸ். திங்கள்கிழமை பர்மனென்ட் ஆக்கும் பட்டியலுக்கு நேர்காணல், ஜெப்ரின் பெயர் அதில் உண்டு. போலீஸ் கேஸ் விழுந்தால் பெயர் அடிபடும், கேட் பாஸும் திரும்பி வராது. ஒன்பது வருஷக் காண்ட்ராக்ட் உழைப்பு மண்ணோடு மண்ணாகப் போகும்.

"ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சும்மாவா சொன்னாங்க," என்று துரைராஜ் தொடையில் அடித்துக்கொண்டார். செசிலியா செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

கொட்டகையில் ஜெப்ரின் வண்டியின் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தான். சிவப்பு நிறக் குட்டிக் கார், பின்கதவு மேலே தூக்கியிருந்தது. முன்மூடிக்குள்ளே எல்லாம் துடைத்து வைத்த பூஜைப் பாத்திரம் மாதிரி பளபளக்க, நடுவில் மட்டும் பல் விழுந்த இடமாக ஒரு ஓட்டை. சென்னை புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி விளக்கு, ஸ்டியரிங், வைப்பர் கை என்று பொறுக்கியதை அவன் சொன்னான். கார்புரேட்டர் கிடைத்தது 2003 பொங்கலுக்கு மறுவாரம். ரசீதா, அந்தக் கடைகளில் யார் ரசீது கொடுக்கிறார்கள்?

"இத யாராவது கையில எடுத்துப் பார்த்தாங்களா?" என்று செசிலியா கேட்டார்.

"கருணாகரன் சார்தான் மேடம். அவரும் இதே மாடல் வண்டி கட்டிகினு இருக்காரு. அடிக்கடி வருவாரு. ஒருவாட்டி ஒரு ரப்பர் குழாயில 1991-னு முத்திரை இருந்திச்சி, அதக் காட்டி, இது அந்தக் காலத்துது இல்ல, ஒரு நட்டு தப்பானாலும் வண்டியே பொய்யின்னாரு. நானும் கழட்டிப் போட்டேன். இந்த ஏப்ரல்ல, அளவு பார்த்துட்டுத் தரேன்னு கார்புரேட்டர எடுத்துகினு போனாரு. ஒரு வாரம் வச்சிருந்து அவரே கொண்டாந்து குடுத்தாரு. டெய்சிக்கு மாம்பழம் கூட வாங்கியாந்தாரு."

அதற்கு முன்னால் இரண்டு தடவை விலைக்குக் கேட்டாராம், ஜெப்ரின் தரவில்லை. ஏப்ரலில் வாங்கிப் போனதற்குச் சாட்சி உண்டா என்றால், இல்லை. என்ஜினீயர் வந்து கேட்கும்போது எழுதி வாங்கிக்கொண்டா கொடுக்க முடியும்? துரைராஜுக்கு அந்த மாம்பழம்தான் தாங்கவில்லை. மாம்பழம் கொடுத்துவிட்டு மனுஷன் பிழைப்பைத் தின்னப் பார்த்தானே பாவி என்று ஜீப்பில் ஏறும்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்து கருணாகரனின் குவார்ட்டர்ஸ். அந்த பிளாக் முழுக்க ஒரே பச்சை. ஆபீசர்கள் பிளாக் என்றால் முதலில் அடிப்பார்கள், தன் வீட்டுச் சுவர் மட்டும் உதிர்ந்து கொட்டுகிறது என்று துரைராஜ் பொருமினார். ஜனவரியில் அந்தப் பெயின்ட் டிரம்களை ரயிலடியிலிருந்து ஏற்றி வந்து இறக்கியதே அவர்தான். செசிலியா இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார்.

கருணாகரன் மரியாதையாகத்தான் பேசினார். பின்பக்க வராந்தாவுக்கு அழைத்துப்போனார். பக்கத்துக் கொட்டகையில் அவருடைய மாருதி நின்றது. அதிலும் கார்புரேட்டர் இருக்கவேண்டிய இடம் காலி. 2001-இலேயே வாங்கி, வண்டி முடியட்டும் என்று மரப்பெட்டியில் வைத்திருந்ததாகவும், மே மாதம் பார்த்தபோது பெட்டி காலி என்றும் சொன்னார். தெரியாத்தனமாக அந்தப் பையனை வீட்டுக்குள் விட்டது தன் தப்பு என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைப் பார்த்தபோது துரைராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அவர் ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். அசல் செக்யூரிட்டியிடம் இருக்கிறது, இது இன்னொரு பிரதி. இதே வராந்தாவில் ஆயுத பூஜை. பலகைமேல் ஸ்பேனர்கள், சுத்தியல், பொரி, கடலை, வாழைப்பழம். நடுவில் சந்தனம் குங்குமம் இட்ட கார்புரேட்டர். அதன் மூடியில் பிறை மாதிரி ஒரு வெட்டு. ஜெப்ரினிடம் பிடித்த கார்புரேட்டரிலும் அதே வெட்டு உண்டு. படத்தின் கீழ் ஓரத்தில், கேமராவே அச்சடித்த ஆரஞ்சு நிற எழுத்தில் 2002 அக்டோபர் தேதி.

"2003-ல புதுப்பேட்டையில வாங்கினேங்கிறான். 2002-ல என் வீட்டுல பூஜையில இருக்கு. நீங்களே சொல்லுங்க," என்றார் கருணாகரன்.

செசிலியா படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இதே இடம்தானா என்று கேட்டார். இதே இடம்தான், அந்த ஆணியையும் மணி மாட்டின கொக்கியையும் பாருங்கள் என்று கருணாகரன் பெருமையாகக் காட்டினார். 96-இலிருந்து இந்த வீடுதான், ஓர் ஆணிகூட மாற்றியதில்லை என்றார். பராமரிப்பெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று செசிலியா பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"யாரோ வருவாங்க, எதையோ பண்ணுவாங்க, போவாங்க. அதெல்லாம் நான் எங்க பார்க்கிறேன்," என்றார் அவர்.

ஜீப்பில் ஏறியதும் துரைராஜ் வெடித்தார். கேமராவில் தேதியை நாம் வைப்பதுதானே, கார்புரேட்டர் கையில் இருந்த அந்த ஒரு வாரத்தில் பொய்த் தேதி வைத்துப் பூஜை நடத்தியிருக்கிறான், கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கத்தினார்.

"அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் துரைராஜ் அண்ணே. கலியமூர்த்திக்குக் காட்டணுமே," என்றார் செசிலியா. "டவுன்ஷிப் பராமரிப்பு ஆபீசுக்கு விடுங்க."

அங்கே அவர் உள்ளே போய் சூப்பர்வைசரிடம் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது ஒரு பெரிய பதிவேட்டின் இரண்டு பக்கங்களை நகல் எடுத்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, நாளைக்குக் காலையில் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பத்து மணி. செக்யூரிட்டி ஆபீசில் மேஜைக்குப் பின்னால் கலியமூர்த்தி, மேஜைமேல் கார்புரேட்டரும் படமும். கருணாகரனுக்கு நாற்காலி போட்டிருந்தது. ஜெப்ரினும் டெய்சியும் நின்றார்கள். துரைராஜ் கூட்டிவந்திருந்த பெண் கதவோரம் நின்றாள். ஒல்லியான நாற்பது வயதுக்காரி. கருணாகரன் அவளிடம், மின்விசிறியைக் கொஞ்சம் கூட வை என்றார். அவள் சுவிட்சைத் தேடிப் போய் வைத்துவிட்டு மறுபடியும் கதவோரம் வந்து நின்றாள்.

கலியமூர்த்தி ஆரம்பத்திலேயே கையை விரித்துவிட்டார். படம் இருக்கிறது, தேதி இருக்கிறது, தான் என்ன செய்யமுடியும் என்றார்.

"கருணாகரன் சார்," என்று செசிலியா நிதானமாகத் தொடங்கினார். "இந்தப் படம் எடுத்த பிறகு அந்தச் சுவருக்கு நீங்களா எப்பவாவது பெயின்ட் அடிச்சீங்களா?"

"இல்ல. கம்பெனி குவார்ட்டர்ஸ்ல நான் எதுக்கு அடிக்கணும்?"

"அதுக்கு முன்னாடி?"

"96-லேர்ந்து ஒருநாளும் அடிச்சதில்ல."

"படத்துல சுவர் என்ன நிறம் சார்?" இதைக் கலியமூர்த்தியிடம் கேட்டார்.

கலியமூர்த்தி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பச்சை என்றார்.

செசிலியா நகலை மேஜைமேல் வைத்தார். பராமரிப்புப் பிரிவு வரிசைமுறைப்படி ஒவ்வொரு பிளாக்காகத்தான் பெயின்ட் அடிக்கும். கருணாகரனின் வீட்டுக்கு 1999-இல் மஞ்சள் அடித்திருக்கிறது. அடுத்து அடித்தது 2004 பிப்ரவரியில், பச்சை. நடுவில் ஒன்றும் கிடையாது. அந்தப் பச்சை இந்த ஜனவரிக்கு முன்னால் டவுன்ஷிப்பில் எங்கேயும் இருந்ததில்லை. புது நிறம் என்று முதன்முறையாக வாங்கினார்கள், வந்த டிரம்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டது செசிலியா.

துரைராஜ் நெற்றியில் அறைந்துகொண்டார். தன் கையாலேயே ஏற்றி இறக்கிய பச்சை! நேற்று அந்தச் சுவருக்கு எதிரிலேயே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரே ஒழிய, கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

கருணாகரன் எழுந்தார். பதிவேட்டில் ஆயிரம் தப்பு இருக்கும், வராந்தாவுக்கு மட்டும் முன்னாலேயே யாராவது அடித்திருப்பார்கள் என்றார். குரல் முன்போல இல்லை.

"அடிச்சவங்களையே கேட்டுடலாம்," என்று செசிலியா கதவுப் பக்கம் திரும்பினார்.

அந்தப் பெண் முன்னால் வந்தாள். பராமரிப்புப் பிரிவில் காண்ட்ராக்ட் ஆள். "பிப்ரவரி மாசம் மூணு நாளு அய்யா வூட்டுலதான் அடிச்சிக்கினு இருந்தோம். பின்பக்க வராந்தாவ நான்தான் தனியா அடிச்சேன். பழைய மஞ்சளச் சுரண்டி எடுத்துட்டுத்தான் பச்ச அடிச்சது. அந்த மணிக் கொக்கியில பெயின்ட் பட்டுடக் கூடாதுன்னு துணி சுத்தி அடிச்சேன். நல்லா நெனப்பு இருக்குதுங்க. குடிக்கத் தண்ணி கேட்டதுக்கு, தோட்டத்துக் குழாயிலப் போயிக் குடின்னாரு."

கருணாகரன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நடமாடியவள்.

"பொரி, சந்தனம், தேதி எல்லாம் சரியா பார்த்திருக்கீங்க சார்," என்றார் செசிலியா. "ஏப்ரல்ல ஆயுத பூஜை நடத்தணும்னா சும்மா இல்ல. ஜெப்ரின் வண்டியில ஒரு ரப்பர் குழாய் அஞ்சு வருஷம் பிந்தினதுன்னு கண்டுபிடிச்சவர் நீங்க. உங்க படத்துல ஒரு சுவரே ஒன்னரை வருஷம் பிந்தி நிக்குது. சுவர் உங்க பொறுப்பு இல்ல, அதான் கண்ணுல படல."

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். சரி, தவறுதலாக நடந்துவிட்டது, பெரியவர்கள் விஷயம், கார்புரேட்டரைக் கொடுத்துவிட்டு இதோடு முடித்துக்கொள்ளலாமே என்றார். துரைராஜுக்கு வந்ததே கோபம். நேற்றுவரை போலீஸ் என்றவர் வாய் இன்றைக்கு எப்படிக் குழைகிறது, திருடன் காண்ட்ராக்ட் என்றால் கேஸ், பர்மனென்ட் என்றால் தவறுதலா என்று மேஜையைத் தட்டிவிட்டார். செசிலியா அவரைத் தடுக்கவில்லை.

"எழுதுங்க சார். பொய்ப் புகார்னு எழுதி, அவன் கேட் பாஸைத் திருப்பிக் குடுத்ததையும் எழுதுங்க," என்றார்.

கலியமூர்த்தி வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்தார். ஜெப்ரினின் பாஸும் கார்புரேட்டரும் மேஜையின் இந்தப் பக்கம் வந்தன. டெய்சி கார்புரேட்டரை வாங்கிப் புடவைத் தலைப்பில் பொதிந்துகொண்டாள். கருணாகரன் வெளியே போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றார்.

சாட்சியத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார் கலியமூர்த்தி. "பராமரிப்புப் பிரிவின் ஒப்பந்தக் கூலிப் பெண் ஒருத்தி..."

"சார்," என்றாள் அவள். பதிவேட்டின் நகல் அவளுக்கு நேராகக் கிடந்தது. அதில் சூப்பர்வைசர் பெயர் இருந்தது, டிரம் எண்ணிக்கை இருந்தது, கடைசிக் கட்டத்தில் 'ஆட்கள் 6' என்று இருந்தது. "அதுலதான் ஆறு பேருன்னு போட்டுட்டாங்க. நீங்களாவது பேரப் போட்டு எழுதுங்க. செல்லக்கிளி."

கலியமூர்த்தி அந்த வரியை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினார். எழுதி முடித்ததும் அவள் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.