அடைத்த பின்னும் வந்த காற்று

மூட்டையைப் புகைபோக்கிக்குள் திணித்து அரைமணி நேரம் ஆகியும் அந்தச் சிவப்பு நூல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கணப்பின் வாய்க்கு மேலே ஆணியடித்து அந்த நூலைத் தொங்கவிட்டவள் எவந்தியாதான். காற்று இன்னும் இறங்குகிறதா என்று பார்க்க அவள் அப்பா செய்யும் வழி அது. காற்று இறங்கினால் நூல் அறைப் பக்கம் பறக்கும். நின்றுவிட்டால் நேராகத் தொங்கும். இந்த நூல் மெதுவாக அறைப் பக்கம் வந்தது, ஒரு நொடி நின்றது, பிறகு கணப்புக்குள்ளே போனது. மறுபடி வந்தது, நின்றது, போனது. மலைக்காற்றுக்கு இத்தனை ஒழுங்கு ஏது என்று அவள் நினைத்தாள்.

அணைந்த கணப்பின் கரிவாடையும் ஈரக் கல்லின் வாடையும் அறையில் அப்படியே நின்றன. ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே வெளிச்சம் பழுப்பாகிவிட்டிருந்தது. பனி விழும் சத்தம் என்று ஒன்று கிடையாது. மற்ற சத்தங்களையெல்லாம் அது விழுங்கிவிடும். மின்சார ஹீட்டரின் மெல்லிய இரைச்சலும், தொட்டிலில் குழந்தை மூச்சுவிடும் ஓசையும் மட்டும் கேட்டன.

குழந்தை பிறந்து முப்பத்தொரு நாள். நாற்பது முடியும்வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது. ஞானஸ்நானம் ஆகாததால் அவனுக்குப் பெயரும் இல்லை. வீட்டில் எல்லோரும் 'பேபிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு நாளாக அவனுக்கு நெஞ்சில் சளி. இருமி இருமி முகம் நீலமாகிறது. மருந்து வாங்க அவள் கணவன் சீசிஸ் காலையிலேயே நகரத்துக்குப் போயிருந்தான். இந்தக் குளிரில் பிள்ளையை அவன் வரும்வரை காப்பாற்ற வேண்டும். எவந்தியாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

காற்று எதிர்த்து அடித்தபோதெல்லாம் கணப்பின் புகை அறைக்குள் திரும்பியது. புகை வந்தால் இருமல் வந்தது. அதனால்தான் மதியம் அவள் நெருப்பை அணைத்தாள். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி ஆறு, பாதிரியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளிக்கும் நாள்வரை கணப்பை அணைக்கக் கூடாது, அணைத்தால் புகைபோக்கி வழியாக 'அதுங்க', அந்தப் பன்னிரண்டு நாளும் அலையும் குட்டிப் பேய்கள், இறங்கிவரும் என்பது ஊர்ப் பேச்சு. அடுத்த வீட்டு மரிகோ காலையில் சீஸ் பிட்டாவோடு வந்து அதையே ஒப்பித்துவிட்டுப் போயிருந்தாள். எவந்தியா இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிற ஆள். நெருப்பு அணைந்ததும் புகை நின்றது. ஆனால் திறந்த புகைபோக்கி வழியே பனிக்காற்று வாளியில் மொண்டு ஊற்றியதுபோல் கொட்டியது. தொட்டில் திரை படபடத்தது.

மாவுச் சாக்கு ஒன்றில் ஆட்டு ரோமத்தை அடைத்தாள். சாக்கு அளவு போதாமல் தொளதொளத்தது. பிள்ளை பிறந்த அன்று சுற்றிய நீலத் துணி கறைபட்டுக் கிடந்தது. அதை எடுத்து, பிள்ளையைச் சுற்றுவதுபோலவே இறுக்கிச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். கைக்கு அடக்கமாக, பிள்ளை கனம் இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, புகைபோக்கியின் கழுத்தில் கையெட்டும் உயரத்தில் திணித்தபடி சொன்னாள்:

"இங்கயே சமத்தா உக்காந்திரு ஆல்கிஸ். உள்ள குளிர் வராம பாத்துக்கோ."

ஆல்கிஸ் அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர். மாமனார் பெயரைத்தான் தலைப்பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று சீசிஸ் ஒற்றைக்காலில் நின்றதால் அவனிடம்கூடச் சொன்னதில்லை. ஞானஸ்நானம் ஆவதற்கு முன்னால் ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பார்கள். பிள்ளையிடம் சொன்னால்தானே தப்பு, மூட்டையிடம் சொன்னால் என்ன என்று அவள் நினைத்திருந்தாள்.

பிறகு கரி அப்பிய கையைக் கழுவச் சமையலறைக்குப் போனாள். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது இருமல் நின்றிருந்தது. பிள்ளை அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு உயிர் வந்தது.

இப்போது நூலைப் பார்த்தபடி நின்றவள், தொட்டில் பக்கம் திரும்பினாள். நூல் வந்தது, தொட்டிலில் மூச்சு வெளியே போனது. நூல் உள்ளே போனது. தொட்டிலில் மூச்சு உள்ளே போனது.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

"எவந்தியா, மருந்து வாங்கிட்டேன். ஆனா கணவாய்ல பனி மூடிருச்சு. பனி தள்ளுற வண்டி வந்தாத்தான் நகர முடியும். பேபிஸ் எப்படி இருக்கான்?"

"இருமல் நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா! அப்புறம் ஏன் உன் குரல் இப்படி இருக்கு? எங்கப்பா பேரோட பவர் பாத்தியா? வைக்கிறதுக்கு முன்னாடியே வேலை செய்யுது."

"சீக்கிரம் வாங்க. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

அவன் சிரித்தான். இணைப்பு அறுந்தது.

பிள்ளை அழுதான். எடுத்து மார்பில் வைத்தாள். பிடித்துக்கொண்டான், இழுத்து இழுத்து உறிஞ்சினான். ஆனால் பால் இறங்கவில்லை. இந்த முப்பத்தொரு நாளில் அவன் முனகினாலே போதும், மார்பு கனத்துச் சட்டை நனைந்துவிடும். இன்று காய்ந்த கல்லாக இருந்தது. அவனோ விடவில்லை. உறிஞ்சிக்கொண்டே கண் திறந்து அவளைப் பார்த்தான். இமைக்காமல் பார்த்தான். ஒரு மாதப் பிள்ளைக்குப் பார்வை நிலைக்காதே என்று நினைத்தவள், அவனை அவசரமாகத் தொட்டிலில் விட்டாள். அவன் அழவில்லை.

அப்போது மேலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

புகைபோக்கியின் கழுத்திலிருந்து, ரோமமும் துணியும் அமுக்கிய, மிக மெல்லிய சத்தம். காற்று கல்லிடுக்கில் முனகுவதாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டாள். சத்தம் விட்டுவிட்டு வந்தது. முனகலுக்குப் பின் ஓர் இருமல். வறண்ட, சிறிய இருமல்.

அவள் சட்டை நனைந்தது.

குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் பால் சூடாக வழிந்து இடுப்புவரை இறங்கியது.  மரிகோவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் நெருப்பை அணைச்சிட்டேன்."

 மறுமுனையில் மரிகோ கத்தினாள்.

"அடி பாவி! காலையிலதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? கையில பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு உனக்கென்னடி அவ்வளவு துணிச்சல்?"

"புகை வந்து இருமினான் அக்கா... காத்து வராம மூட்டை வச்சு அடைச்சேன். உள்ள ஏதோ சத்தம் கேக்குது."

"எதுவா இருந்தாலும் எரிஞ்சு போகட்டும். இருட்டுறதுக்குள்ள மூட்டி விடு. மூட்டைய எடுக்காத, கீழயே வச்சுக் கொளுத்து. பனி இடுப்பு வரைக்கும் கிடக்கு, வழி வெட்டிக்கிட்டு வரேன். புள்ளைய கையில பிடிச்சிக்கோ."

பிள்ளையைக் கையில் பிடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. தன் பிள்ளையைத் தொட ஏன் கை கூசுகிறது என்று நினைத்தபோதே கண்ணில் நீர் முட்டியது. சுள்ளிகளைக் கணப்பில் அடுக்கினாள். தேவதாரு மரச் சிராய், பழைய செய்தித்தாள். தீக்குச்சியை உரசினாள்.

மேலே இருமல். கேவல். மறுபடி இருமல், மூச்சு முட்டுகிற இருமல், இரண்டு நாளாக அவள் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்த அதே இருமல்.

பால் நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாகச் சுள்ளிமேல் விழுந்தது.

தீக்குச்சி விரலைச் சுட்டது. உதறினாள்.

"வேணாம்," என்றாள், யாரிடம் என்று தெரியாமல். "வேணாம், வேணாம்."

கணப்புக்குள் முட்டி போட்டாள். தலையை உள்ளே நுழைத்துக் கையை மேலே விட்டாள். கரி. குளிர்ந்த கல். துணி. முதல் முடிச்சு, அவள் போட்ட முடிச்சு. அதற்கு மேலே ரோமம் இல்லை. மெத்தென்று ஏதோ. வெதுவெதுப்பு போய்க்கொண்டிருக்கிற ஏதோ. அது அசைந்தது. ஐந்து சின்ன விரல்கள் அவள் சுட்டுவிரலை இறுகப் பிடித்தன.

அவள் அலறவில்லை. இழுத்தாள். கரியும் பனித்தூளும் முகத்தில் கொட்ட, நீலத் துணி மூட்டை நழுவி மார்பில் விழுந்தது. துணியை விலக்கினாள். கரி அப்பிய முகம். இடது காதுக்குப் பின்னால், பிள்ளை பிறந்த அன்று அவள் பார்த்த அதே மிளகு அளவு சிவப்பு மச்சம். நீலம் பாரித்த உதடு. அது மார்பைத் தேடித் திறந்தது.

"என் கண்ணே," என்றாள். "என் கண்ணே, என் உயிரே."

அவனை அணைத்து, உள்ளங்கையால் முதுகைத் தேய்த்தாள். அவன் குடிக்கத் தொடங்கினான். அவளுக்கு அழுகை பொங்கியது. அந்த ஒரு நிமிடம் வேறெதுவும் நினைவில் இல்லை.

கண் முன்னால் சிவப்பு நூல் நேராகத் தொங்கியது. ஆடவில்லை.

பின்னால் தொட்டில் கிரீச்சிட்டது.

மரத்தரையில் ஏதோ இறங்கியது. ஒரு பாதம். இன்னொரு பாதம். ஆட்டு ரோம வாடை. ஒரு அடி. இன்னொரு அடி. மரிகோவின் மண்வெட்டிச் சத்தம் இன்னும் எங்கோ தூரத்தில்.

எவந்தியா திரும்பவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, குளிர்ந்த சாம்பலைப் பார்த்தபடி முட்டி போட்டிருந்தாள். தீப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை நீளவில்லை.

அவள் தோளில் மென்மையான, கனமான கை ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அம்மா," என்றது அது, அவள் காதோரம், அவளுடைய குரலிலேயே. "ஆல்கிஸ்னு எனக்குத்தானே பேரு வச்ச? அப்ப உன் மடியில இருக்கிறது யாரு?"