சக்களத்தியின் எண்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண் ஆஸ்பத்திரியில் ஈ காக்கை இருக்காது. பூட்டிக் கிடந்த கவுண்டர்களைத் தாண்டிப் படியிறங்கி, சர்வர் அறையின் கதவைத் திறந்தாள் புது மேடம். சில்லென்ற காற்றும் மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலும் முகத்தில் அடித்தன. வேலைக்குச் சேர்ந்து வருஷக்கணக்காகியும் எல்லோருக்கும் அவள் புது மேடம்தான். வெறும் மேடம் என்றால், அது செத்துப்போனவள்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி வைத்தவள் அந்த மேடம்தான். அவள் போனபின் அவளுடைய நாற்காலிக்கு இவள் வந்தாள். அங்கேயே ஸ்கேன் எடுக்கும் அவளுடைய புருஷனுக்கும் கடைசியில் இவளே வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், அவ்வளவுதான். இவளைத் தாண்டி எங்கேயோ பார்ப்பார். ஒரே ஒரு தடவை அவர் தன்னை ஆசையாகப் பார்த்துவிட்டால் போதும் என்று இவள் ஏங்கினாள்.

செத்துப்போன சக்களத்தியோடு மல்லுக்கட்டுவது மாதிரி ஒரு கொடுமை உண்டா? திட்டினால் திருப்பித் திட்டக்கூட மாட்டாள்.

கவுண்டர் கம்ப்யூட்டர்கள் எதற்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. காலையில் சுவிட்சைப் போட்டதும், விழித்துக்கொள்ளத் தேவையான ஃபைல்களை இந்த சர்வரிலிருந்துதான் இழுத்துக்கொள்ளும். அந்த ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் வரிக்கு வரி அந்த மேடத்தின் பெயர். எல்லோரும் படிக்கலாம், மாற்றி எழுதும் அனுமதி மட்டும் அவளுக்கே.

"அது அவ போட்டு வச்சது. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே," என்று காலையில்தான் அவர் சொல்லியிருந்தார்.

அந்தப் பேச்சில்தான் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முறைப்படி செய்வதென்றால், சர்வரை நடத்தும் பொதுக் கணக்கின் பெயருக்கு ஃபோல்டரை மாற்ற வேண்டும். இவளுக்கு அது போதவில்லை. அந்த இடத்தில் தன் பெயர் நிற்க வேண்டும். முதலில் அவளுடைய கணக்கை அழித்தாள். பெயர் போய், வரிக்கு வரி ஓர் எண் மட்டும் நின்றது. பெயரெல்லாம் மனிதர்களுக்குத்தான், சர்வருக்கு ஒவ்வொரு ஆளும் ஓர் எண். அந்த எண்ணைத் தன் கணக்குக்கே போட்டுக்கொண்டாள். இந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடாத காரியம் அது. போனவரின் எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால், இருவரையும் பிரித்துப் பார்க்க சர்வருக்குத் தெரியாது.

தெரிந்துதான் செய்தாள். பொறாமை கண்ணை மறைத்தது.

மறுபடி ஃபோல்டரைத் திறந்தாள். வரிக்கு வரி இவள் பெயர்.

"எல்லாம் என்னோடது. போடி," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. குளித்துவிட்டுத் துவட்டாத கூந்தலின் வாசனை, பின்கழுத்துக்கு மிக அருகில். இவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

திரையில் ஒரு ஃபைல் வரிசையின் மேலே ஏறியது. இந்த நிமிடம் மாற்றப்பட்டது என்று காட்டியது. மாற்றியவர், இவள்.

இவள் கைகள் மடியில் இருந்தன.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சர்வரைக் கேட்டாள். இவள் பெயர் வந்தது. அதற்குக் கீழே மறுபடியும் இவள் பெயர். இரண்டு பேரும் இதே அறையில், இதே விசைப்பலகையில்.

"யாரது?" என்றாள் மெதுவாக.

மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவசர அவசரமாகக் கட்டளையை அடித்தாள். அனுமதி இல்லை என்றது சர்வர். நிர்வாகியின் கடவுச்சொல்லைப் போட்டாள். தவறு என்றது. எழுந்து ஓடப் பார்த்தாள். கால் நகரவில்லை. விரல்கள் மட்டும் தாமாகவே விசைப்பலகைக்குப் போயின. பார்த்துப் பார்த்து அடிக்கிறவள் இவள். இப்போது விரல்கள் கடகடவென்று ஓடின.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அவர், கதவைத் திறந்ததும், பழகிய அந்த டைப் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

ஏங்க, என்னை இங்கேருந்து இழுத்துட்டுப் போங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஏன்டா வாசல்லயே நிக்கற? உள்ள வா," என்றது வாய்.

அவர் முகம் வெளுத்தது. ஓடிவிடுவார், ஓடிப்போய் யாரையாவது கூட்டி வரட்டும் என்று இவள் வேண்டிக்கொண்டாள்.

அவர் ஓடவில்லை.

உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, இவள் முகத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இத்தனை காலம் இவள் ஏங்கிய பார்வை.

"நீதானே?" என்று கிசுகிசுத்தார். "இவ என்னை டா போட்டுக் கூப்பிடவே மாட்டா."

நான்தாங்க, நான் இங்கதான் இருக்கேன் என்று உள்ளுக்குள் கதறினாள். உதடு அசையவில்லை. அவர் இவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"இனிமே போயிட மாட்டியே?"

இவளைக் கேட்காமலே இவள் தலை, மாட்டேன் என்று ஆடியது.