ஹார்லனின் கட்டைவிரல்

செவ்வாய்க்கிழமை காலை படுக்கை விரிப்பை மாற்றும்போதுதான் வில்டா அதைக் கவனித்தாள். கணவன் ஹார்லன் படுக்கும் பக்கத்து மேசையின் மேல் இழுப்பறை இரண்டு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே மடித்த மஞ்சள் துணியின்மேல் அவனுடைய கைத்துப்பாக்கி எப்போதும்போலக் கிடந்தது. ஆனால் குழல் சுவரைப் பார்க்கவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தில் காவலராக இருந்த காலத்திலும் ஓய்வுபெற்ற பிறகும், கல்யாணமான ஐம்பத்தொரு வருடங்களாக அந்தக் குழல் சுவரைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறது. இன்று அது கட்டிலைப் பார்த்திருந்தது. கட்டிலில் அவளுடைய தலையணையை.

அவள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கை கழுவினாள். மூன்று முறை சோப்புப் போட்டும் துப்பாக்கி எண்ணெயின் வாசனை விரலிடுக்கில் இருந்துகொண்டே இருந்தது.

ஆறு மாதமாக இப்படித்தான். பகலெல்லாம் ஹார்லன் ஹார்லனாகவே இருப்பான். காப்பியில் சர்க்கரை அதிகம் என்பான், ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையில் போகிற வண்டிகளின் பெயரைச் சொல்லுவான். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கி, ஹாலின் மூலைகள் சாம்பல் நிறமாகி, தரைக்கடியில் கணப்பு இயந்திரம் ஒரு பெருமூச்சோடு ஓடத் தொடங்கும் நேரத்தில், அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். முன்பின் தெரியாதவர்களைச் சாலையோரத்தில் நிறுத்தி விசாரிக்கும்போது அவனுக்கு ஒரு குரல் உண்டு. தணிந்த, மரியாதையான குரல். அந்தக் குரலில் கேட்பான்: "மேடம், உங்கள கூட்டிட்டுப் போக யாராவது வருவாங்களா?"

முதல் முறை அவள் சிரித்துவிட்டாள். மூன்றாம் முறை சிரிக்கவில்லை.

நகரத்து மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். பிறகு காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டே, வீட்டில் துப்பாக்கி ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் வில்டா. பக்கத்து நாற்காலியில் இருந்த ஹார்லன் திரும்பி அவளைப் பார்த்தான். அப்போது பகல் பதினொரு மணி. அவன் அவனாகத்தான் இருந்தான். வீடு திரும்பிய நாற்பது மைலும் அவள் காதுமடல் எரிந்துகொண்டே வந்தது.

ஒளித்து வைத்தும் பார்த்திருக்கிறாள். செப்டம்பரில் குளிர்பெட்டியில், மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்தாள். ஹார்லன் வீட்டைத் தலைகீழாக்கித் தேடிவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தான். அவனிடம் வேலை பழகிய காவலர் ஒருவர் வந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு பெண் வீட்டுக்குள் புகுந்து தன் பொருளைத் திருடிவிட்டாள் என்று ஹார்லன் அவரிடம் அழுதுகொண்டே சொன்னான். அந்தக் காவலர் தரையைப் பார்த்த விதத்தை வில்டாவால் தாங்க முடியவில்லை. பரணில் கிடைத்தது என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டாள். இன்னொரு நாள் குண்டுகளை மட்டும் எடுத்தாள். அவன் துப்பாக்கியை உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தான், அலமாரிக்குப் போய் வேறு ஆறு குண்டுகளைப் போட்டான். சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறும் அந்த விரல்கள் அதில் ஒருமுறையும் தடுமாறவில்லை.

யாரிடம் சொல்ல முடியும்? அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவனுடைய துப்பாக்கியை அவன் வீட்டார் எடுத்துக்கொள்வது அவனைப் புதைத்த பிறகுதான். உயிரோடு இருக்கும்போதே எடுத்தால், அவன் போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னதாகும்.

எனவே புதன்கிழமை, உழவுச் சாமான்களும் வேட்டைச் சாமான்களும் விற்கும் கடைக்குப் போனாள். துப்பாக்கி அங்கேயே, அவன் கண்முன்னே இருக்க வேண்டும். அவனுக்குத் திறக்கக் கூடாது. அப்படி ஒரு பெட்டி.

தாடி வைத்த கடைக்காரர் ரொட்டிப் பெட்டி அளவில் நாலைந்து இரும்புப் பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். சாவிப் பெட்டி வேண்டாமென்று அவளே தள்ளினாள். ஹார்லன் ஒளித்து வைத்த சாவிகளைக் கண்டுபிடித்தே வாழ்க்கையை ஓட்டியவன். எண் பொத்தான் வைத்தது ஒன்று இருந்தது. அவள் நினைவில் நிற்கும் எண்கள் எல்லாம் அவனுக்கும் தெரிந்தவை; காலைச் சாப்பாட்டை மறப்பவன் தன் பழைய ரேடியோ எண்ணை மறக்கவில்லை. அதையும் தள்ளினாள்.

"எவ்வளவு வேகமா தொறக்கணும்மா?" என்றார் கடைக்காரர்.

"வேகம் ஒண்ணும் முக்கியமில்ல."

அவர் சிரித்தார். "இத சொன்ன மொத ஆளு நீங்கதான். இங்க வர்றவங்க ரெண்டு செகண்டு ஆகும்னாலே மூஞ்சிய தூக்கி வச்சிக்கிறாங்க. திருடன் காப்பி குடிச்சிட்டு உக்காந்திருப்பானா?"

பின்னால் கோழித்தீவனத்துக்காக நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். இருவரும் அவள் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள். வில்டாவின் கழுத்தில் வேர்த்தது. பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அதனால்தான் என்றாள். அவளுக்குப் பிள்ளைகளே இல்லை என்பது அந்த இருவருக்கும் தெரியும். அவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

விரல் வைத்துத் திறக்கும் பெட்டியை வாங்கினாள். பதியாத விரலுக்குச் சிவப்பு விளக்கு, பதிந்த விரலுக்குப் பச்சை. பச்சை வந்ததும் மெல்லிய மணியோசையோடு மூடி தானாக எழும். கடைக்காரர் அதைக் கட்டிக் கொடுக்கும்போது அக்கறையாகச் சொன்னார்: "ரெண்டு பேரு விரலையும் பதிச்சிடுங்கம்மா. ஒருத்தருக்கு ஒண்ணு ஆனா இன்னொருத்தர் தொறக்கணும்ல."

வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் ஆள்காட்டி விரலை மட்டும் பதித்து, துப்பாக்கியை உள்ளே வைத்து மூடினாள். ஓய்வுபெற்றவர்களுக்கு அலுவலகம் மரியாதையாக அனுப்பியது என்று ஹார்லனிடம் சொன்னாள். அவன் அதன் கறுப்பு மூடியைத் தடவிக்கொண்டே இருந்தான். "நம்மள மறக்கல பாத்தியா, வில்டா." அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து படுக்குமுன் அவன் பெட்டியில் கட்டைவிரலை வைப்பான். டிக் என்று ஒரு சத்தம். சிவப்பு. பெட்டி தூங்குகிறது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வான். ஆனால் வெள்ளிக்கிழமை, விளக்கணைத்து நெடுநேரம் கழித்து, தரைக்கடியில் கணப்பு ஓடி ஓய்ந்து, குழாய்கள் குளிர்ந்து ஒவ்வொன்றாகச் சொடுக்குவிட்ட பிறகு, வேறொரு சொடுக்கு கேட்டது. டிக். சுவரில் சிவப்பு வந்து போனது. டிக். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், பொறுமையாக. பத்து விரல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வில்டா கண்ணை மூடி, தூங்குகிறவளைப்போல மூச்சு விட்டாள்.

சனிக்கிழமை மாலை அவன் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்தான். மூன்றாவது யாருக்கு என்று கேட்டாள். "வில்டாவுக்குத்தான், மேடம். உள்ள படுத்திருக்கா. ஒடம்பு சரியில்ல" என்றான். படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அவள் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அன்று சாய்வு நாற்காலியிலேயே விடியும்வரை இருந்தாள். தன் வீட்டில், தன் படுக்கையறைக்குப் போகப் பயந்து உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியே யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரையை மட்டும் இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து டெல்பர்ட் சாப்பிட வந்தான். முப்பது வருடமாக ஹார்லனோடு மான் வேட்டைக்குப் போகிறவன். மறுவாரம் வேட்டைக்காலம் தொடங்குகிறது; இந்த வருடம் ஹார்லனை யாரும் கூப்பிடவில்லை. அதை மறைக்க டெல்பர்ட் அதிகமாகப் பேசினான். பேச்சு எப்படியோ பெட்டிக்கு வந்தது. ஹார்லன் அதைத் தூக்கிக்கொண்டுவந்து, பொரித்த கோழிக்கும் பீன்ஸுக்கும் நடுவில் வைத்தான்.

"தொற பாப்போம்," என்றான் டெல்பர்ட்.

டிக். சிவப்பு.

ஹார்லன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். டிக்.

"என்னய்யா இது, ஊர்ல இருந்த திருடனையெல்லாம் புடிச்சவன், ஒம் பொட்டி ஒன்னையே திருடங்குது!"

டெல்பர்ட் மேசையில் தட்டிச் சிரித்தான். ஹார்லனும் சிரிக்க முயன்றான். அவன் காதுகள் சிவந்தன. மூன்றாம் முறை வைத்தான், நான்காம் முறை வைத்தான். டெல்பர்ட்டின் சிரிப்பு மெல்ல நின்று, அவன் முகத்தில் புரிவதுபோல ஏதோ வரத் தொடங்கியது. அது முழுதாக வந்து சேர்வதற்குள் வில்டா எழுந்துவிட்டாள்.

"என் தப்புதான். இவர் விரல பதிக்கவே மறந்துட்டேன்."

தன் விரலை வைத்துத் திறந்தாள். உள்ளிருந்த பொத்தானை அழுத்தி, ஹார்லனின் கட்டைவிரலைப் பிடித்து ஐந்து முறை வைத்தாள். அது குழந்தைக் கைபோல இணங்கி வந்தது. மூடியைச் சாத்தினாள். அவன் வைத்தான். பச்சை. மூடி எழுந்தது. டெல்பர்ட் கைதட்டினான். ஹார்லன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்து வருடத்துக்கு முந்தைய முகம். அதைப் பார்த்துக்கொண்டே அவள் மனதில் திட்டம் போட்டாள்: டெல்பர்ட் போனதும், இவன் கண்ணயர்ந்ததும், பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து அவன் விரல் பதிவை அழித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம்தானே.

டெல்பர்ட் நாலரைக்குத்தான் எழுந்தான். ஹார்லன் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தான். மீந்த ஆப்பிள் பலகாரத்தை ஒரு தட்டில் மூடி எடுத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய ஹார்லனின் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, வில்டா டெல்பர்ட்டின் வண்டிவரை போனாள். காற்றில் விறகுப் புகை. மலையின் விளிம்பில் கடைசி வெளிச்சம் ஒரு கோடாக இருந்தது. டெல்பர்ட் வண்டிக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டான்: "வில்டா, எல்லாம் சரியாத்தான இருக்கு? எங்கிட்ட சொல்லு."

சொல்லியிருக்கலாம். வாயருகே வந்துவிட்டது. நாளைக்குத் தேவாலயத்தில், தீவனக் கடையில், அலுவலகத்தில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பதும் கூடவே வந்தது.

"சரியாத்தான் இருக்கு."

வண்டியின் சிவப்பு விளக்குகள் வளைவில் மறையும்வரை நின்றாள். திரும்பியபோது அந்தக் கோடும் போயிருந்தது.

வீட்டில் ஒரு விளக்கும் இல்லை. அவள் இரண்டு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சமையலறைக் கதவைத் திறந்தாள். கோழி எண்ணெய் வாசனை, ஆறிய காப்பி வாசனை. அதற்கு மேல் வேறொரு எண்ணெய். கணப்பு பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது. மேசையில் மூன்று தட்டுகள் அப்படியே இருந்தன. நடுவில் பெட்டி இருந்த இடத்தில் மேசைவிரிப்பு மட்டும்.

நாற்காலி காலி.

"ஹார்லன்?"

உள்ளே எங்கோ ஒரு சத்தம். டிக் இல்லை. மெல்லிய மணி. மூடி எழும் சத்தம்.

சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். நடைக்கூடம். இருபது அடி. பலகை முனகியது.

"மேடம். அங்கயே நில்லுங்க."

சாலையோரக் குரல். தணிந்த குரல்.

"கைய நான் பாக்குற மாதிரி தூக்குங்க."

தூக்கினாள். கோட்டின் நீண்ட கைகள் முழங்கைவரை சரிந்தன.

"ஹார்லன், நான்தான். வில்டா."

அவன் மெல்லச் சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. கண் இருட்டுக்குப் பழகியது. படுக்கையறை. கட்டில். அதன் விளிம்பில் அவன். தரையில் திறந்த பெட்டி, அதன் பச்சை விளக்கு அவன் தாடையில். வலக்கையில் துப்பாக்கி, துளியும் ஆடாமல். இடக்கை பின்னால், அவள் படுக்கும் பக்கத்தில், கழுத்துவரை இழுத்து மூடிய போர்வையின்மேல். தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"வில்டா இங்க இருக்கா, மேடம்."

"ஹார்லன், தலையணைய பாரு. அது—"

"நீங்க அவ கோட்டக்கூட போட்டுக்கல, என் கோட்ட போட்டிருக்கீங்க. டாக்டர்கிட்ட பொய். அந்தப் பொட்டியும் பொய்." குரல் வருத்தமாக இருந்தது. "என் வில்டா எங்கிட்ட பொய் சொன்னதே இல்ல."

முகம் சுட்டது. இந்த நேரத்திலும், அந்தக் குழலுக்கு முன்னாலும், வெட்கம்.

அவன் தலையைச் சற்றே பின்னால், போர்வைப் பக்கம் சாய்த்தான். "பயப்படாத புள்ள. நான் இருக்கேன்ல."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சுவர்கள் அமைதியாயின. கணப்பும் நின்றது.

கட்டிலில், அவள் பக்கத்தில், போர்வை மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.