உப்பு அறை

ஒரு நாற்றத்தோடு நீங்கள் குடித்தனம் நடத்தியதுண்டா? எலி செத்துக் கிடந்து, எடுத்து வீசியதும் போய்விடுகிற நாற்றத்தைச் சொல்லவில்லை. கழுவினால் கொஞ்சம் விலகி நின்றுகொண்டு, துடைத்த துணி காய்வதற்குள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிற நாற்றம். தேக்கா சந்தைக்குப் பின்னால் தங்கராஜு குடியிருந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்தது.

கடைவீட்டின் பின்கட்டு அது. படுக்க ஒரு அறை, சமையலுக்கும் புழங்குகிற ஒரு நடை, அதற்கும் உள்ளே ஜன்னலே இல்லாத ஒரு அறை. வீட்டுக்காரர் யாக்கூப் ராவுத்தர் தோல் வியாபாரம் பார்த்த காலத்தில் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவி அந்த உள்ளறையில்தான் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தாராம். தோல் போய் எத்தனையோ வருஷமாகியும் சுவர் உப்பை விடவில்லை. மழைக்காலத்தில் வேர்க்கும். வேர்த்தது காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூவிலிருந்துதான் நாற்றம் வந்தது. ஊசிப்போன கொழுப்பும் நனைந்த ஆட்டு மயிரும் கலந்த நாற்றம்.

தங்கராஜுவுக்குத் துறைமுகத்தில் எலக்ட்ரிக் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஆம்ப்ளிஃபயர் கட்டுவான். பையன்கள் எல்லாம் கித்தாரை மாட்டிக்கொண்டு காத்தோங் பக்கத்துக் கல்யாணங்களில் ஆடத் தொடங்கியிருந்த நேரம். வெள்ளைக்காரன் கடைப் பெட்டியை வாங்க வக்கில்லாதவர்கள் தங்கராஜுவைத் தேடி வந்தார்கள். வேலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன், யாரிடமும் படித்தவன் இல்லை. வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் வயர்த் துண்டுகளும் கட்டில் மேலும் அரிசிப் பானைக்குள்ளும் கிடந்தன.

கல்யாணத்துக்கு முன்னால் அதைக் கேட்க ஆளில்லை. பொட்டலச் சோறு தின்றுவிட்டு, தன் குரலை ரேடியோவுக்கு மட்டும் கேட்கக் கொடுத்து வருஷக்கணக்கில் வாழ்ந்தவன். சந்திரமதி வந்து கேட்டாள். அவளுக்கு இப்போது ஏழு மாதம். வயிற்றில் எதுவும் தங்கவில்லை. சோற்றை வாயருகே கொண்டுபோவாள், உள்ளறையிலிருந்து நாற்றம் வரும், எழுந்து ஓடுவாள்.

"புள்ள தவழப் போற எடத்துல கம்பித் துண்டா கெடக்குது. சோத்துல ஈயம் கெடக்குது. எல்லாத்தையும் அந்த ரூமுக்குள்ள ஒழுங்கா அடுக்குங்க. மொதல்ல அந்த நாத்தத்த ஒழிங்க" என்றாள். "சனிக்கெழம காலைல கேலாங்லருந்து அண்ணன் டாக்ஸியோட வரும். அதுக்குள்ள ஆச்சுன்னா இங்கயே இருந்து பெத்துக்குறேன். இல்லாட்டி போனவ போனவதான். திரும்ப இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். மறுபடியும் பொட்டலச் சோற்றுக்குத் திரும்ப தங்கராஜுவால் முடியாது.

அன்றைக்கே தொடங்கினான். சுவரைச் சுரண்டினான். பினாயில் ஊற்றித் தேய்த்தான், சுண்ணாம்பு அடித்தான், மீன் பெட்டிப் பலகையில் தட்டுகள் அடித்தான். பால் டின்களில் திருகாணியும் பிஸ்கட் டின்களில் வால்வும் போய் உட்கார்ந்தன. ஈயம் பற்றவைக்கிற மேசையை மட்டும் வெளிச்சத்துக்காக நடையில் போட்டான். சுங்கை ரோட்டுச் சந்தையில் பொறுக்கி வந்த ஐந்து பழைய ஸ்பீக்கர்களை உள்ளறைச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டி, எல்லாவற்றின் வயரையும் மேசைக்கு இழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்சு வைத்தான். இருந்த இடத்திலிருந்தே எதை வேண்டுமானாலும் பாட வைக்கலாம். பார்க்கவே நன்றாக இருந்தது.

ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்புகள்தான் கிழிந்திருந்தன. ஒட்டுவதற்குப் பசை தீர்ந்துவிட்டது. அறையின் மூலையைச் சுரண்டியபோது தரையோடு தரையாகக் காய்ந்து கிடந்த தோல் ஓரங்கள் பெயர்ந்து வந்தன. கண்ணாடி மாதிரி கெட்டி. தச்சர்கள் வாங்குகிற வஜ்ஜிரப் பசை வேறென்ன, இப்படிப்பட்ட தோலைக் காய்ச்சி எடுப்பதுதானே? எதையும் வீசியெறியாத கை அவனுடையது. அவற்றைப் பால் டின்னில் போட்டுத் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றினான். பழுப்பாகக் குழைந்து வந்தது. டிஷ்யூ காகிதத்தை அதில் நனைத்து ஒவ்வொரு கிழிசலாக ஒட்டினான். ஆம்ப்ளிஃபயர் கட்டச் சொல்லியிருந்த யூசுப் என்ற பையனின் பெட்டியில் மாட்ட வேண்டிய இரண்டு ஸ்பீக்கருக்கும் அதே பசைதான்.

வீட்டையே தூக்கிப் போகிற மாதிரி நாறியது. சந்திரமதி கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் நடைக்கு வந்து நின்று மூக்கை உயர்த்தினாள்.

"என்ன கொதிக்குது?"

"பசை."

"வாசமா இருக்கே" என்றாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

தங்கராஜுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் சொன்னது சரிதானா என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் அவன்தான் சாப்பிட முடியாமல் கையை மோந்து மோந்து பார்த்தான். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிடுக்கில் அந்த வாடை. ஒட்டிய கூம்புகள் காய்ந்தனவா என்று பார்க்க உள்ளே போனான். காயவில்லை. காகிதம் மொரமொரப்பாக இருக்க வேண்டிய இடத்தில் தொளதொளவென்று, மனிதக் கன்னத்தை உள்பக்கமாகத் தொட்டால் இருக்குமே, அந்த மாதிரி வெதுவெதுப்பாக, விரல் பட்ட இடம் அமுங்கி மெதுவாக நிமிர்ந்தது. விரலைச் சட்டையில் துடைத்தான். துடைத்ததில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. வெள்ளை மயிர். கூம்பின் ஓரத்தில் இன்னும் இருந்தன. விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். ஒட்டிக்கொண்டிருப்பவை இல்லை அவை. முளைத்தவை.

பழைய தோலில் இருந்த மயிராகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை முகம்மது யூசுப் வந்தான். கித்தார்காரன், வாய் ஓயாதவன். நடையில் கால் வைத்ததுமே கைக்குட்டையை மூக்கில் வைத்தான்.

"என்னண்ணே, ஆம்ப்ளிஃபயர் கட்டுறீங்களா, கசாப்புக் கட வச்சிருக்கீங்களா?"

"பசை நாத்தம்பா. காஞ்சா போயிரும்."

"இத மாப்பிள்ள பக்கத்துல வச்சா பொண்ணு ஓடிப் போயிரும் லா. பாட்டுக்கு முன்னால பந்தி காலியாயிரும்." சிரித்துக்கொண்டே சந்திரமதியைப் பார்த்தான். "அக்கா, நீங்க எப்படித்தான் இதுல இருக்கீங்க?"

சந்திரமதி வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எதுல?" என்று கேட்டாள்.

யூசுப்பின் சிரிப்பு நின்றது. சனிக்கிழமை வந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

அன்றைக்கு இருட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்சந்துச் சாக்கடை நிறைந்து ஓடுகிற சத்தம், ஓட்டின் மேல் கொட்டுகிற சத்தம், பக்கத்துக் கடையில் மசாலா அரைக்கிற மெஷின் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே விளக்கைப் போட்டுக்கொண்டு தங்கராஜு யூசுப்பின் ஆம்ப்ளிஃபயரை ஓட்டிப் பார்த்தான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பெட்டியில் மாட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் சுருதி மாதிரி ஒரு முனகல் வந்தது. அது இயல்பு. அந்த முனகலுக்குள் வேறொன்றும் கேட்டது.

ஈரமான சத்தம்.

மேசையைப் பார்த்தான். சுவர் ஸ்பீக்கர்களின் வயரை, சத்தம் வெளியே போகிற முனையில் மாட்டாமல், சத்தம் உள்ளே வருகிற முனையில் மாட்டியிருந்தான். அப்படி மாட்டினால் ஸ்பீக்கரே மைக் ஆகிவிடும், ரேடியோ வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் இப்போது கேட்பது உள்ளறை.

உள்ளறையில் யாரும் இல்லை.

நக்குகிற சத்தம் அது. பெரிய, சொரசொரப்பான நாக்கு. சுவரின் மேல் நீளமாக ஒரு இழுப்பு. நிறுத்தம். விழுங்கல். மறுபடியும் ஒரு இழுப்பு. முதல் ஸ்விட்சில் தூரத்தில் கேட்டது. அடுத்ததில் கொஞ்சம் கிட்டத்தில். கடைசி ஸ்விட்சைத் தட்டினான். கூம்பின் மேலேயே மூச்சு விழுந்தது.

"சந்திரா, உனக்குக் கேக்குதா?"

"என்ன?"

"உள்ள ஏதோ நக்குது."

"பூனையா இருக்கும்" என்றாள் அவள், தலை நிமிராமல். எச்சில் ஊறி, ஒரு தடவை விழுங்கினாள்.

அவன் கதவைத் திறந்தான். பல்பைப் போட்டான். பூனை இல்லை. எலி இல்லை. டின்கள் வரிசையாக இருந்தன. சுவரில், ஸ்பீக்கர்களுக்கு இடையில், அவன் அடித்த சுண்ணாம்பு ஒரு முழ அகலத்துக்குப் போய், ஈரச் செங்கல் தெரிந்தது. செங்கல்லின் மேல் நுரை.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி ஸ்பீக்கரைப் பிடித்துக் கூம்பைப் பிய்த்தான். காகிதம் மாதிரி கிழியவில்லை. உரிந்தது. இறைச்சியிலிருந்து தோல் உரிகிற மாதிரி, வெள்ளை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய் மழையில் பின்சந்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். மீதியை நாளைக்கு வேலை முடிந்து வந்ததும் உரித்து எறிந்துவிட வேண்டும். சனிக்கிழமை காலைக்குள் அறை சுத்தமாகிவிடும். அவள் இருப்பாள்.

திரும்பி வந்தபோது சந்திரமதி நடையில் நின்றாள்.

"எதுக்கு அத வீசுனீங்க?"

"நாறுதுடி."

அவள் அவனைப் பார்த்தாள். சோற்றை வீணாக்கிய ஆளைப் பார்க்கிற பார்வை அது.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஐந்து மணிச் சங்கு ஊதியதும் மழையோடு மழையாக ஓடி வந்தான். வீட்டில் விளக்கு இல்லை. அடுப்பில் சோறு பொங்கி, வடிக்காமல் கூழாகிக் கிடந்தது. கட்டிலில் அவள் இல்லை.

"சந்திரா?"

நடைத் தரையில் நியூஸ்பேப்பர் விரித்துக் கிடந்தது. நேற்று சுற்றிய அதே தாள். குப்பைத் தொட்டியின் சேறு அதன் வெளிப்பக்கத்தில் அப்பியிருந்தது. உள்பக்கம் சுத்தமாக இருந்தது. அச்சு எழுத்துகூட இல்லாத அளவுக்குச் சுத்தம்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

கதவைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை. அதனால் மேசைக்குப் போனான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். வால்வு சூடாகும் வரை நின்றான். முதல் ஸ்விட்சு. ஒன்றும் இல்லை, செத்திருந்தது. இரண்டாவது. செத்திருந்தது. மூன்றாவது. செத்திருந்தது. நான்காவதைத் தட்டினான்.

பல். பல்லுக்கு நடுவே நைந்த தோல். மூக்கால் மூச்சு விடுகிற சத்தம், அவசரமாக, பிரியமாக. பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு. அதோடு அந்த ஸ்பீக்கரும் செத்தது.

கதவைத் தள்ளி, பல்பைப் போட்டான்.

பல்பு வெளிச்சத்தில் சந்திரமதி தரையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கூம்பு போன ஸ்பீக்கர்களின் வெறும் இரும்புச் சட்டங்கள். முகவாயில் பசை வழிந்து நெஞ்சு வரை ஓடியிருந்தது. உதட்டில் வெள்ளை மயிர். சுவர் அவள் வாய் எட்டுகிற உயரம் வரை செங்கல்லாக இருந்தது. ஆனால் நக்கிய ஈரம் அதற்கும் மேலே போனது. கூரை வரை போனது.

"சந்திரா... துப்பு. துப்புடி."

அவள் விழுங்கினாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் முகத்தில் அவ்வளவு தெளிச்சியை அவன் பார்த்ததில்லை.

"எனக்கில்லங்க" என்றாள், வயிற்றைத் தொட்டு. "அதுக்கு. அதுக்குப் புடிச்சிருக்கு."

அவன் நடை வழியே பின்சந்துக்கு ஓடிச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றுமில்லாததால் பித்தம்தான் வந்தது. பின்னால் அவள் வந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுப்பாக இருந்தது.

"நான் எங்கயும் போகல. இங்கயே இருக்கேன்" என்றாள். "நீங்க அழாதீங்க."

மறுநாள் காலை அவள் அண்ணன் சுப்பிரமணியம் டாக்ஸியோடு வந்தார். தங்கராஜு வாசலை மறித்து நின்றுகொண்டு, அவள் தூங்குகிறாள் என்றும், அறை சுத்தமாகிவிட்டது என்றும், இங்கேயே பெற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள் என்றும் சொன்னான். "அவ இஷ்டம் மாப்ள" என்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே டாக்ஸியில் திரும்பிப் போனார். தங்கராஜு கதவைத் தாழ்ப்போட்டான். யூசுப்பின் பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்து, இரண்டு கூம்புகளையும் உரித்துத் தட்டில் வைத்து உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். சந்திரமதி தின்று முடித்தாள். தட்டை வழித்து நக்கினாள். முந்தானையால் வாயைத் துடைத்து, உதட்டை மூடி, சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். மெல்லுகிற சத்தம் நிற்கவில்லை.